பின் சீட்டின் எடை

என் அக்கா தன் வாழ்க்கையில் பாதியை ஒரு மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் கழித்தவள். மீதிப் பாதியைத் திரைச்சீலை தைக்கும் கடையின் வெட்டு மேசை எடுத்துக்கொண்டது. தங்கை என்ற முறையில் எனக்கு மிஞ்சியது, காலையில் இருவரும் சமையலறையில் நின்றபடியே தேநீர் குடிக்கும் நேரம் மட்டும்தான். அதிலும் பாதி நாள் அத்தான் கையில் ஏதாவது ஒரு நட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்துவிடுவார்.

மோட்டார் சைக்கிள் என்றாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் ஏதோ அந்த வண்டியின் பெருமையைப் பாட வந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். என் கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, கீழே அத்தானின் பட்டறையில் இஞ்சின் உறுமும் சத்தத்தில்தான் கண் விழித்துவந்தேன். எண்ணெய் வாசனை என் தலையணை உறை வரைக்கும் ஏறியிருந்தது. சண்டை போட்டுப் பார்த்தேன். அத்தான் மாடிப்படிக்கு ஒரு கதவு போட்டுக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அத்தான் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பவர்களுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. மெக்கானிக் என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நெடுந்தூரம் போகிறவர்களின் வண்டியை அவரவர் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்து கொடுப்பார். ஓட்டுகிறவர் எத்தனை கிலோ, பின்னால் உட்காருகிறவர் எத்தனை கிலோ, பெட்டிகளில் என்னென்ன போகிறது என்று கேட்டுக்கொண்டு, பின் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது, எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று முடிவுசெய்வார். கனமானதெல்லாம் இரண்டு பக்கப் பெட்டிகளின் அடியில். சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் மேல் பெட்டியில் மழைக்கோட்டும் கையுறையும் மட்டும். அதில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தவர்களைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. பின் சக்கரத்துக்கும் பின்னால் கனம் போனால் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும், வேகத்தில் ஹேண்டில் உதறும், அப்புறம் யாரைக் கூப்பிட்டும் பிரயோஜனமில்லை என்பார். இதை அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறவே மறுத்த எனக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது.

இந்தத் தொழிலில் பெரிய தொல்லை, மனிதர்கள் எடையைப் பற்றிப் பொய் சொல்வதுதான். பெண்கள் குறைத்துச் சொல்வார்கள். ஆண்கள் தங்கள் எடையை இன்னும் குறைத்துச் சொல்லிவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். அத்தானிடம் நாசூக்கு மருந்துக்கும் கிடையாது. ஒரு முறை, கணவரோடு வந்த ஓர் அம்மாள் சொன்ன எடையை நம்பாமல் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்து, இது அழகுப் போட்டி இல்லை என்று சொல்லித் தொலைத்தார். அந்தத் தம்பதி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது.

அக்காவுக்கு அது விளையாட்டு மாதிரி. துணி வெட்டுகிறவளின் கண் அவளுக்கு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோளகலம், இடுப்பளவு எல்லாம் மனதில் ஓடிவிடும். எடை எங்கே தப்பும்? கடை விட்டு வந்ததும் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் எங்கே பயணம், பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போகிறீர்கள் என்றெல்லாம் பேச்சுக் கொடுப்பாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் மடியில் கணக்குச் சொல்லும். அத்தான் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவர்கள் சொன்ன எண்ணையே ஒத்துக்கொள்வதுபோல் தலையாட்டி, ஸ்பிரிங்கை அக்கா சொன்ன எண்ணுக்கு இறுக்குவார். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடியும். பட்டறைக்கு வருகிறவர்கள் நாளடைவில் அவளைத் தராசக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி விசாரிக்க வந்தவர்களை அக்கா பின் சீட்டில் ஏற்றி, அத்தானை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரச் சொல்வாள். இறங்கும்போது அவர்களுக்குக் கேள்வி மறந்துபோயிருக்கும். விடுமுறை வந்தால் அவர்கள் இருவரும் கிளம்பிவிடுவார்கள். போய்விட்டு வந்து அக்கா சொல்லும் கதைகளில் ஊர்கள் வராது. எந்தத் திருப்பத்தில் காற்று குளிர்ந்தது, எந்த மேட்டில் அத்தான் பாடத் தொடங்கினார், அது எவ்வளவு சகிக்க முடியாத பாட்டு, இவைதான் வரும். முன்னால் உட்காருகிறவன் சாலையைப் பார்க்கிறான், பின்னால் இருக்கிறவள்தான் உலகத்தைப் பார்க்கிறாள் என்று அவள் அத்தானைச் சீண்டுவாள்.

அவள் பார்க்காமல் விட்டது ஒரே ஓர் இடம். வடக்கே மலையில் ஒரு சாலை ஏறிக்கொண்டே போய், ஓர் ஏரிக்கரையில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வழி கிடையாது. ஆண்டில் சில வாரங்கள்தான் பனி விலகிப் பாதை திறந்திருக்கும். கல்யாணமான புதிதில் யாரோ ஒரு வாடிக்கையாளர் காட்டிய படத்தை அக்கா பார்த்திருக்கிறாள்: தண்ணீர் முடிகிற இடமும் வானம் தொடங்குகிற இடமும் தெரியவில்லையாம். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஏரி ஞாபகம்தான். ஒவ்வொரு வருஷமும் போகலாம் என்பார்கள். ஒரு வருஷம் அத்தானின் அம்மா படுக்கையில் விழுந்தார். இன்னொரு வருஷம் பட்டறையின் கூரை சரிந்தது. ஒரு வருஷம் நான் என் பெட்டியோடு வந்து நின்றேன். ஏதாவது ஒன்று வந்து குறுக்கே விழுந்துகொண்டே இருந்தது. அக்கா அலுத்துக்கொள்ள மாட்டாள். ஏரி எங்கேயும் ஓடிப்போகாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் மட்டும் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. வாக்குக் கொடுத்த வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். அக்கா சண்டை போடவில்லை. தினமும் காலையில் தேநீர் கொடுக்கும்போது பாதை எப்போது திறக்கிறது என்று மட்டும் கேட்டாள். தலைகீழாக நின்றாலும் இவள் விடமாட்டாள் என்று புரிந்துகொண்டு அத்தான் நாள் குறித்தார்.

அக்காவின் உடம்பில் அப்போது நோய் இருந்தது. எனக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. கடையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், பரிசோதனைகள் எல்லாம் செய்து, வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டறிந்து வந்திருந்தாள். உடனே வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் எனக்குச் செருப்பு வாங்கி வந்தாள். நான் நிறம் சரியில்லை என்று முகத்தைச் சுளித்தேன்.

அவள் இளைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் தையல்காரி. ஒவ்வொரு உடையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தாள். துணி தொளதொளவென்று தொங்கினால்தானே ஆள் இளைத்தது கண்ணுக்குத் தெரியும்? ஒரே வீட்டில் இருந்த எங்கள் கண்ணுக்கு அவள் அப்படியேதான் இருந்தாள். கொஞ்சம் களைத்த மாதிரி இருக்கிறாய் என்று நான் கேட்டபோது, உன்னோடு பேசினால் யாருக்குத்தான் களைக்காது என்று என் வாயை அடைத்தாள்.

எங்களை ஏமாற்றலாம். வண்டியை ஏமாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அத்தான் அளவு பார்ப்பார். முதலில் வண்டி காலியாக நிற்கும்போது பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஒரு குறி வரை டேப்பை வைத்து அளப்பார்கள். பிறகு பெட்டிகள் மாட்டி, இருவரும் பயண உடையோடு ஏறி உட்கார்ந்ததும் மறுபடி அளந்து, வண்டி எவ்வளவு அமுங்கியது என்று பார்ப்பார்கள். இருவரும் மேலே உட்கார்ந்திருக்கும்போது டேப்பைப் பிடிக்க மூன்றாவது ஆள் வேண்டும். அது எனக்கு வாய்த்த உத்தியோகம். அக்கா ஏறி உட்கார்ந்தால் எங்கே வந்து நிற்கும் என்பது அத்தானுக்கு அத்துப்படி. ஒரு விரல் கனம் வித்தியாசப்பட்டால் கேள்வி வரும். கேள்வி வந்தால் விஷயம் வெளியே வரும். விஷயம் வெளியே வந்தால் ஏரி இல்லை.

திரைச்சீலை காற்றில் பறக்காமல் ஒழுங்காகத் தொங்குவதற்கு, அதன் அடி மடிப்பில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளைப் போட்டுத் தைப்பார்கள். அக்கா கடையிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தாள். தன் உடம்பிலிருந்து எத்தனை கிலோ போய்விட்டதோ அத்தனை கிலோ ஈயத்தைக் கடைத் தராசில் நிறுத்து, இரண்டு நீளமான துணிப்பட்டைகளில் வரிசை வரிசையாக அறை பிரித்துத் தைத்து, பயண ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் கோத்துக்கொண்டாள். இடுப்பைச் சுற்றி ஒன்று, முதுகோடு ஒன்று. எங்கே அவள் சதை இருந்ததோ அங்கேயே கனம் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறாள். எனக்கு இதை நினைத்தால் இன்றும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகிறது. அந்தத் தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

புறப்படும் நாள் காலையில் அவள் வண்டியில் ஏறச் சிரமப்பட்டாள். முட்டி பிடித்துக்கொண்டது என்றாள். நான் தரையில் மண்டியிட்டு டேப்பைப் பிடித்து அளவைப் படித்தேன். அத்தான் முன்னாலிருந்து திரும்பாமலே கேட்டார். எப்போதும் வருகிற அளவுதான் வந்தது. அதையே உரக்கச் சொன்னேன். உன் அக்கா மாறவே மாட்டாள் என்றார் அத்தான், பெருமையாக. ஹெல்மெட்டுக்குள் அக்காவின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கைகாட்டிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகிறது.

முதல் நாள் நன்றாகவே போயிருக்கிறது. அத்தான் பாடியிருக்கிறார். இரண்டாம் நாள் மலையடிவாரத்தை நெருங்கும்போது அக்காவால் அந்த ஈயத்தைச் சுமக்க முடியவில்லை. நல்ல உடம்புக்கே அது பாரம். சாப்பாடு தங்காத உடம்பு எப்படித் தாங்கும்? தோள் எலும்பில் பட்டை அழுத்தி, மூச்சு முட்டி, கண்ணில் பூச்சி பறந்திருக்கிறது. கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்ததும் அவள் அத்தானின் தோளைத் தட்டினாள். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். அத்தான் பக்கத்துக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், கழிவறைக்குள் போய் ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டைகளை உருவிச் சுருட்டினாள். மேல் பெட்டியின் சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். வெளியே வந்து மழைக்கோட்டுகளுக்கு அடியில் அதைத் திணித்துப் பூட்டினாள்.

அவளுக்குத் தெரியாத பாடமா? மேல் பெட்டியில் கனம் வைக்கக் கூடாது என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! பக்கப் பெட்டியின் சாவி அத்தானிடம் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார். கொஞ்ச தூரம்தானே, மெதுவாகத்தானே ஏறப்போகிறோம், ஏரிக்குப் போய்விட்டால் பிறகு எது தெரிந்தால் என்ன என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் வாழ்நாளில் எடை விஷயத்தில் செய்த ஒரே தப்பு அது.

மலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம். அதில் வேகம் கூடியதும் ஹேண்டில் உதறத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு கையில் அடங்காதபடி. அத்தான் வண்டியைத் தொடையால் இறுக்கிப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல், வேகம் தானாகக் குறையும்வரை விட்டு, ஓரங்கட்டினார். எப்படி விழாமல் தப்பினோம் என்று இன்னும் தெரியவில்லை என்பார். இறங்கியதும் டயரையும் பார்க்கவில்லை, ஸ்பிரிங்கையும் பார்க்கவில்லை. நேராக மேல் பெட்டிப் பக்கம் போய்ச் சாவியைக் கேட்டார்.

அக்கா சாவியைக் கொடுத்தாள். வேறு வழியில்லை.

மழைக்கோட்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு அவர் அந்தச் சுருளை வெளியே எடுத்தார். தையலைப் பார்த்ததும் யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. என்ன பொருள் என்றுதான் விளங்கவில்லை. அத்தானுக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கி எறியப் போயிருக்கிறார்.

"என்ன இது?" என்று கேட்டார்.

"அது நான்தாங்க," என்றாள் அக்கா. "நீங்க கணக்குப் போட்டு வச்சிருக்கீங்களே, அந்த நான். அதுல இப்போ என்கிட்ட இல்லாத பங்கு அது."

அவருக்குப் புரியவில்லை. அவள் ஜாக்கெட்டைக் கழற்றி, சாலையோரத்து மைல்கல்லின் மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவர் தன் மனைவியைப் பார்த்தார். இத்தனை காலமும் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவளை நான் எப்போது திரும்பிப் பார்த்தேன் என்று அவர் பிற்பாடு என்னிடம் கேட்டார். 

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னதைச் சொன்னாள். இன்னும் ஒன்றரை நாள் தூரம்தான், போய் ஏரியைப் பார்த்துவிட்டு நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்று கேட்டாள். அவள் அவரிடம் கெஞ்சியது அந்த ஒரு முறைதான் என்பார் அத்தான்.

அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் தாமதித்தாலும் அவளைத் தானே கொன்ற மாதிரி என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முதலில் உடம்பு, ஏரி அடுத்த வருஷம் என்றார். ஏரி எங்கேயும் ஓடிப்போகாது என்று அவள் சொல்வதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னார். அக்கா ஒரு தடவை மலையைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

அவளுடைய உண்மையான எடையைக் கேட்டு வாங்கி, அங்கேயே சாலையோரத்தில் அவர் பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். ஈயத்தைப் பக்கப் பெட்டியின் அடியில் வைத்தார். கடைச் சொத்து, தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி பஞ்சு மாதிரி ஓடியதாம். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொகுசாகப் போனதே இல்லை என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்னவிதம் பாராட்டா குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அக்காவின் முடி கொட்டியது. நான் அவளுக்கு ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தேன், கோணலாக வந்தது, பிரித்துத் தைக்கச் சொன்னாள். அத்தான் பட்டறையைப் பூட்டிவிட்டு வராந்தாவிலேயே கிடந்தார். நர்சு வந்து எடை பார்க்கும் போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அவரால் அந்த எண்ணைக் கேட்க முடியவில்லை. மலைப்பாதை திறந்திருந்த வாரங்கள் அங்கேயே கழிந்தன. பனி விழுந்து பாதை மூடிவிட்டது என்ற செய்தியை நான் பேப்பரில் பார்த்து, பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் டாக்டர் எங்களைத் தனியாக அழைத்தார். சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவார். இனி இங்கே செய்வதற்கு எதுவும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப்போய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தான் தலையாட்டினார்.  டாக்டர் கிளம்பும்போது அத்தான் ஒன்று கேட்டார். அன்றைக்குப் பயணத்தைப் பாதியில் விட்டு நாங்கள் திரும்பி வந்தோமே, அப்படி வராமல் போய்விட்டுச் சில நாள் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமோ என்று மனிதர் உள்ளுக்குள் உருகுகிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அத்தானின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. அதை நினைச்சு மனசைப் போட்டு வருத்திக்காதீங்க."

அத்தான் நன்றி சொன்னார். டாக்டர் போய்விட்டார். அத்தான் அப்படியே நின்றார். என்ன நடந்தது என்று எனக்கு அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வாருங்கள், வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். அவர் காதில் விழவில்லை. நேராக அக்காவின் அறைக்குப் போனார். இவர் போய் ஏதாவது உளறிவிடக் கூடாதே என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

உளறத்தான் செய்தார். இனிமேல் தங்களுக்குள் எதையும் மறைக்கக் கூடாது என்று சாலையோரத்தில் பேசிக்கொண்டார்களாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"நாம போயிருக்கலாமாம். போயிட்டு வந்திருந்தாலும் இதேதானாம். நான்தான் அவசரப்பட்டுத் திருப்பிட்டேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.  பிறகு, அந்தப் பெண்ணுக்கு இதை ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு எரிச்சலை நான் கேட்டதே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அத்தான் கேட்டார்.

"சேரச் சொன்னப்பவே முதல்ல பார்த்த டாக்டர் சொல்லிட்டார். சேர்ந்தாலும் சேராட்டியும் பெரிசா எதுவும் மாறாதுன்னு."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திருப்பியிருக்க மாட்டேனே. ஏன் சொல்லாம ஏறி உக்காந்தே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அன்னைக்கு நீங்க இருந்த பதட்டத்துல எதுவும் காதுல ஏறியிருக்காது. ஏரியைப் பார்த்துட்டு வந்து நான் போயிருந்தா, சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாளோன்னு காலம் பூரா கேட்டுக்கிட்டே இருப்பீங்க. எனக்கு ஏரியைவிட அதுதான் பெரிசா தெரிஞ்சுது. திரும்பி வந்துட்டா உங்களுக்கு எந்தக் குறையும் இருக்காதுன்னு நினைச்சேன்."

அத்தான் வாய்விட்டு அழுதார். அக்கா தன்னால் முடிந்த மட்டும் கையைத் தூக்கி அவர் தலைமேல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். நான் வெளியே வந்து சாத்தினேன்.

எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஊருக்கெல்லாம் சரியாக எடைபோட்டுச் சொன்னவள், தன் ஆசையையும் அவர் நிம்மதியையும் வைத்துப் பார்த்தபோது தன் பக்கத்தை ஏன் அவ்வளவு லேசாக நினைத்துவிட்டாள்? அதுவும் வீணாகிப் போயிற்றே. ஏரியும் கிடைக்கவில்லை, அவர் நிம்மதியும் நிற்கவில்லை. அந்த டாக்டரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அக்கா வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே போய்விட்டாள். மாடியில் என் அறையில், என் கட்டிலில்தான் அவள் உயிர் பிரிந்தது. கீழே பட்டறையின் வாசனை அங்கே வரும் என்பதால் அந்த அறை வேண்டும் என்று கேட்டிருந்தாள். படிக்கட்டின் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

மறு வருஷம் பாதை திறந்ததும் வழக்கம்போல வண்டிகள் வந்து வரிசையில் நின்றன. அத்தான் பட்டறையைத் திறந்து வேலை பார்க்கிறார். யார் எத்தனை கிலோ என்று சொன்னாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார், வாதாடுவதில்லை. அந்தக் கூட்டத்தில் ஏரிக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் போன பிறகு ஒரு நாள், எனக்கு மோட்டார் சைக்கிள் எவ்வளவு பிடிக்காது என்பதை விழுங்கிக்கொண்டு அவரிடம் கேட்டேன். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், நாம் இருவரும் போய் அவளுக்காக அந்த ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பப் போகையில் சொன்னார்.

"பார்த்துட்டு வந்து அது எப்படி இருந்துச்சுன்னு நான் யார்கிட்ட சொல்றது?"

 அவர் கையைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் மேலே போய்விட்டேன்.